விட்டமின் என்று சொன்ன மாத்திரை

1

போன வாரம் யாழினிக்கு மூன்று வயது முடிந்தது. இந்த ஊரில் பிள்ளைக்கு மூன்று வயதானால் கேக்கோடு ஒரு படிவமும் வரும். ஜெர்மனியில் காசெல் என்கிற இந்த நகரத்துக்கு நாங்கள் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு மொழி வந்ததோ இல்லையோ, படிவம் நிரப்ப நன்றாக வந்துவிட்டது. கிண்டர்கார்டனில் சேர்ப்பதற்கு ஏழு பக்கம். பிள்ளை எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும், எந்தப் பொம்மையைக் கட்டிக்கொள்ளும் என்பது வரைக்கும் கேட்டிருந்தார்கள். ஐந்தாம் பக்கத்தில் ஒரு கேள்வி: கர்ப்ப காலத்தில் தாய்க்கு நோய் ஏதும் இருந்ததா, தொடர்ந்து மருந்து சாப்பிட்டாரா? பதில் எழுத இரண்டே இரண்டு கோடு.

"இல்லன்னு டிக் பண்ணிட்டு வா அமுதா" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார் சரவணன், என் வீட்டுக்காரர். "ஆமான்னு போட்டா அதுக்கு ஒரு லெட்டர் கேப்பான். லெட்டருக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் கேப்பான்."

அவர் சொன்னது முழு உண்மை. இருந்தாலும் நான் 'ஆமாம்' என்றே எழுதினேன். நோய்: முடக்கு வாதம். மாத்திரையின் பெயர், காலையில் இரண்டு, இரவில் இரண்டு. எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தால் யாழினி மேஜை ஓரத்தில் முகவாயை வைத்துக்கொண்டு, "மாமா, என்ன எழுதற?" என்கிறாள். இந்த ஊர்ப் பிள்ளைகளைப் போல அம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள். வீடியோ காலில் இதைக் கேட்டுவிட்டு என் மாமியார் திண்டிவனத்திலிருந்து, "யாருடி அந்த மாமா?" என்று பதறியது தனிக் கதை.

அந்த இரண்டு கோட்டில் அடங்காததை இங்கே எழுதுகிறேன். நம் பக்கம் எங்காவது ஒரு பெண் அரிசி டப்பாவுக்குள் மாத்திரையை ஒளித்து வைத்துக்கொண்டு இதைப் படிக்கலாம். அவளுக்கு உபயோகப்பட்டால் சரி.

2

வயதானவர்களுக்கு முழங்கால் தேய்கிறதே, அது வேறு. இது உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே புத்தி மாறி மூட்டுகளைப் போய்த் தாக்குகிற நோய். முப்பது வயதிலும் வரும், இருபதிலும் வரும். எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம், இங்கே வந்த பிறகு வந்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. பல் துலக்குகிற பிரஷைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். குளிரால்தான் என்று நினைத்து நல்ல கம்பளிக் கையுறை வாங்கினேன். ஜூன் மாதம் எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு போகும்போது நான் கையுறையோடு பஸ்ஸுக்கு நின்றேன்.

மூட்டு மருத்துவர் உயரமான மனிதர், சிரிக்காதவர். "பூஜ்யத்திலிருந்து பத்து வரை, வலி எவ்வளவு?" என்று கேட்பார். "மூன்று" என்பேன். யார் எப்போது கேட்டாலும் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லிப் பழகிய வாய் அது. மூன்று என்பதே எனக்கு அதிகப்படியாகத் தோன்றியது. அவரும் மூன்று என்று எழுதிக்கொண்டு மூன்றுக்கு உரிய மருந்தைத் தந்தார். நாலாவது தடவை சரவணன் கூட வந்து, "டாக்டர், இவளுக்கு நான்தான் தலை பின்னி விடுகிறேன்" என்று போட்டு உடைத்தார். டாக்டர் மூன்றை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார்.

அப்போது கொடுத்தது வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிற மருந்து. கூடவே ஒரு கட்டளை. "பிள்ளை வேண்டும் என்று தோன்றினால் முதலில் என்னிடம் சொல்லுங்கள். இந்த மருந்து கருவுக்கு ஆகாது. நிறுத்திவிட்டுச் சில மாதம் காத்திருக்க வேண்டும்." பெற்ற தாயிடம் சொல்லவே கூச்சப்படுகிற சங்கதியை அப்பாயின்ட்மென்ட் வாங்கி, நம்பர் அழைக்கும் வரை காத்திருந்து, ஓர் ஆளிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னோம். அவர் எழுந்து எங்கள் இருவர் கையையும் குலுக்கினார். பிறகு மருந்தை மாற்றினார். புதியது ஆரஞ்சு மஞ்சளில் ஒரு மாத்திரை. கர்ப்பத்திலும் சாப்பிடலாம் என்றார்.

விழுப்புரத்தில் ஜங்ஷனுக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கிற என் அம்மாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். "உங்க அத்தைகிட்ட மூச்சு உட்டுடாத" என்றாள் அம்மா. "நோவுக்காரின்னு பேரு கட்டிடுவாங்க. தெரிஞ்சேதான் தள்ளி உட்டுட்டேன்னு என்னையும் பேசுவாங்க. கேட்டா விட்டமின்னு சொல்லிக்க."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். கல்யாணத்தின்போது எங்கள் வீட்டில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தோம்.

முதல் தடவை நாள் தள்ளியபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டாக்டர் என்ன சொன்னாலும், ஒவ்வொரு மாத்திரையும் தொண்டையில் இறங்கும்போது பிள்ளைக்கு விஷம் கொடுப்பதுபோல் இருந்தது. யாரிடமும் கேட்காமல் நிறுத்திவிட்டேன். பத்தே நாளில் முழங்கையும் மணிக்கட்டும் வீங்கின. ஒன்பதாவது வாரம் கரு தங்கவில்லை. "இதனால்தான் என்று சொல்ல முடியாது, எல்லோருக்கும் நடப்பதுதான்" என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது காதில் விழுந்தது, மனசுக்குள் போகவில்லை. இந்தச் செய்தியும் திண்டிவனத்துக்குப் போகவில்லை.

3

இரண்டாம் தடவை மாத்திரையை ஒரு வேளையும் விடவில்லை. நாலாம் மாதத்தில் ஒரு காலை, சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொண்டு நிற்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். வலி எங்கேயோ போயிருந்தது. கர்ப்பத்தில் நிறையப் பெண்களுக்கு இப்படி அடங்கும், ஏமாந்து மருந்தை விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர். நான் அன்றைக்குச் சப்பாத்தி மாவு பிசைந்தேன். ஆசைக்குப் பிசைந்தேன். இருபத்திரண்டு சப்பாத்தி சுட்டு, மாடியில் குடியிருக்கும் கிழவருக்குக்கூட நாலு கொடுத்தேன்.

பிரசவத்துக்கு ஊருக்கே போவது என்று முடிவு செய்தோம். அம்மாவுக்குச் சர்க்கரை, அவளால் இங்கே வந்து குளிரில் நிற்க முடியாது. ஆறாம் மாத முடிவில் டாக்டரின் கடிதத்தோடு விமானம் ஏறினேன். முதலில் திண்டிவனத்தில் மாமியார் வீடு, வளைகாப்பு முடிந்த பிறகு விழுப்புரத்தில் அம்மா வீடு. சரவணன் பிரசவத்துக்குச் சரியாக வந்து சேருவார்.

அத்தையை, அதாவது என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரம்மதேசம் போகிற வழியில் மூன்று ஏக்கர் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை. மாமனார் போன பிறகு தனியாளாக நின்று பயிர் வைக்கிறவர். குரல் உரக்க, நடை வேகம். வெளிநாட்டிலிருந்து வருகிற எந்தப் பொருளும் அவர் வீட்டில் மூன்று நாளுக்கு மேல் தங்காது. பெட்டியைத் திறந்ததும் அவரே உட்கார்ந்து பங்கு பிரிப்பார். சாக்லேட் பால்காரம்மா பேத்திக்கு, சோப்பு எதிர்வீட்டுக்கு, வாசனை பாட்டில் கோயில் பூசாரி சம்சாரத்துக்கு. தனக்கென்று ஒரு துண்டு சாக்லேட் எடுத்துக்கொள்ள மாட்டார். மகன் அனுப்பினான் என்று நாலு பேர் வாயில் விழுந்தால் அவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

இது தெரிந்தும் நான் செய்த காரியம் இருக்கிறதே, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மாத்திரை அட்டையில் பெயர் அச்சிட்டிருக்கும், வசந்தா படித்துவிடுவாள் என்று அம்மா எச்சரித்திருந்தாள். வசந்தா என் கொழுந்தனாரின் மனைவி, அதே வீட்டில் இருக்கிறவள், பி.எஸ்ஸி. படித்தவள். அதனால் அட்டையிலிருந்து அத்தனை மாத்திரையையும் பிதுக்கி எடுத்து, காலியான ஒரு விட்டமின் பாட்டிலில் கொட்டி நிரப்பினேன். இரண்டு மாதத்துக்கு வேண்டியது. மேலே சிரிக்கிற ஆரஞ்சுப் பழம் படம் போட்ட பாட்டில். "இன்னாம்மா அது?" என்று அத்தை கேட்டார். "விட்டமின் அத்தே. டாக்டர் குடுத்தது. உடம்புக்குத் தெம்பு." நாக்கு கூசாமல் சொன்னேன்.

4

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். துணி காயப்போடும்போது வசந்தா பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்கு ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போவுது. மஞ்சக்காமாலையா இருக்குமாக்கா?" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் அப்படித்தான் போகும். மூன்று வருஷமாக எனக்கும் அதே நிறம்தான். பாட்டில் மட்டம் ஏன் அவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதும் விளங்கியது. அத்தை அதை விட்டமின் என்றே நம்பி வசந்தாவுக்கும் பங்கு வைத்திருக்கிறார். 'இவளும் சோந்து சோந்து படுத்துக்கறாளே' என்று, நான் சாப்பிடுகிற கணக்கைப் பார்த்து, காலையில் இரண்டு, இரவில் இரண்டு.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. அத்தை கீழாநெல்லியைப் பறித்து வந்து அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். வசந்தா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது என்று அவளுக்கு வெறும் கஞ்சி வைத்தார்கள். நான் எதிரில் உட்கார்ந்து வத்தக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற சாப்பாடு அதுதான்.

மறுநாள் மூவரும் திண்டிவனத்திலேயே ஒரு பெண் டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனையில் காமாலை இல்லை. டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார்.

"புதுசா ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் இல்லைங்க. வெளிநாட்டு விட்டமின் மட்டும் குடுத்துக்கினு இருக்கேன்" என்று அத்தை பெருமையாகப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். டாக்டர் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் போட்டுப் புரட்டினார்.

"விட்டமின் மாதிரி தெரியலையே. இது யாரோடது?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வயிற்றுக்குள் யாழினி ஓர் உதை விட்டாள். "என்னோடதுங்க" என்றேன். "முடக்கு வாதத்துக்குச் சாப்பிடறது." பெயரைச் சொன்னேன். எத்தனை வருஷமாக என்பதையும் சொன்னேன். அத்தை பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டர் எங்களைத் திட்டிய திட்டு வெளியில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். "அலர்ஜி இருக்கற உடம்பா இருந்தா என்னம்மா ஆகியிருக்கும்? சாப்பாடா இது, பகிர்ந்து சாப்பிட?" வசந்தாவுக்கு ஒன்றும் இல்லை, நிறுத்தினால் நிறம் போய்விடும் என்றார். பிறகு அத்தையிடம், "வேற யாருக்காவது குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

அத்தை விரலை மடக்கினார். "பால்காரம்மாவுக்கு நாலு. எதிர்வீட்டுல ஒரு ஆறு. பூசாரி சம்சாரத்துக்கு ரெண்டு... அவ்ளோதாங்க."

அன்றைக்குச் சாயங்காலம் அத்தை தெருவில் இறங்கினார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "அது விட்டமின் இல்லம்மா. எம்மருமவளோட மூட்டு வியாதி மாத்திரையாம். எனக்கே இன்னிக்கித்தான் தெரியும். மிச்சம் இருந்தா குடுத்துடு" என்று கேட்டு வாங்கினார். பால்காரம்மா இரண்டை விழுங்கியிருந்தார், அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. எதிர்வீட்டு அம்மா ஆறையும் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தி வைத்திருந்தார், தீபாவளிக்கு வரப்போகிற மகளுக்காக. ஏழு வருஷம் நாங்கள் கட்டிக் காத்த ரகசியம் ஒரு மணி நேரத்தில் தெருக்கோடி வரை போய்ச் சேர்ந்தது.

5

இரண்டு நாள் அத்தை என்னோடு பேசவில்லை. சோறு போடுவார், நகர்ந்துவிடுவார். மூன்றாம் நாள் மத்தியானம் முறத்தில் மல்லாட்டையைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தவர், நிமிராமலே கேட்டார்.

"இந்த மாத்திரையத் தின்னுக்கினேவா புள்ளய சுமக்கற?"

"ஆமாங்க அத்தே."

"இப்ப கையில வலி கீதா?"

"இல்லைங்க."

"அப்புறம் எதுக்கு? நிறுத்திடு. வலி இல்லாத ஒடம்புக்கு மருந்து எதுக்கு? நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அத்தைக்கு நான் அதுவரை எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். "மாட்டேங்க அத்தே. ஒரு தடவை நிறுத்தினேன்." பிறகு அந்த ஒன்பதாவது வாரத்தைப் பற்றிச் சொன்னேன். மருத்துவமனையிலிருந்து டிராமில் திரும்பி வந்தது, அன்றைக்கு அத்தையே போன் பண்ணி 'இன்னா சமையல்' என்று கேட்டது, நான் சாம்பார் என்று சொன்னது, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றுவிட்டது.

மறுநாள் காலை எழுந்தால் அத்தையைக் காணோம். ஒரு பை மல்லாட்டையைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறிவிட்டார் என்றாள் வசந்தா. சம்பந்தி சண்டை என்றால் நம் பக்கம் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். அம்மாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. பதினோரு மணிக்கு அவளே கூப்பிட்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"உங்க அத்த வந்துக்கீதுடி. திட்டவே இல்ல. திட்டியிருந்தாகூட தேவலாம். 'பொண்ணுக்கு நோவுன்னா உனுக்கு மட்டும்தான் நோவுமா? ஒரு உசுரு போயி அந்தப் பொண்ணு தனியா அழுதுக்கினு இருந்திருக்கு, நான் இன்னா சமையல்னு கேட்டுக்கினு இருந்திருக்கேன். என்னை இப்படி ஆக்கிட்டீங்களே'ன்னு கேட்டுச்சுடி."

அந்த வாரமே இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பாண்டிக்கு அழைத்துப் போனார்கள், ஒரு மூட்டு நோய் டாக்டரிடம். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நடுவில் நான். அறைக்குள் போனதும் அத்தை உட்காரவே இல்லை.

"டாக்டர், நான் படிக்காதவ. நேரா சொல்லுங்க. இந்த மாத்திரையால புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

டாக்டர் இளம் வயதுதான். நாற்காலியைக் காட்டி, அத்தை உட்கார்ந்த பிறகே பேசினார். "எந்தக் கர்ப்பத்துக்கும் யாரும் அப்படி எழுதித் தர முடியாதும்மா. இந்த மாத்திரைய ரொம்ப வருஷமா கர்ப்பிணிகளுக்குக் குடுத்துட்டு வர்றோம். கூட ஃபோலிக் ஆசிட் சாப்பிடணும், அவ்வளவுதான். நீங்க பயப்பட வேண்டியது மாத்திரைக்கு இல்ல, நோய்க்கு. நிறுத்தி அது கிளம்பிடுச்சுன்னா, புள்ள எடை குறையலாம், நாளுக்கு முன்னாடியே பிறக்கலாம். இப்ப அடங்கி இருக்கு, நல்லது. பிரசவம் ஆன பிறகு சில பேருக்குத் திரும்ப வரும். அப்பவும் இவங்களை வந்து காட்டச் சொல்லுங்க, ஒளிச்சு வைக்காதீங்க."

திரும்பி வரும்போது திண்டிவனம் வருகிற வரைக்கும் அத்தை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதினால் தப்பு. பஸ் கிளம்பிய ஐந்தாவது நிமிஷமே என் பக்கம் திரும்பிவிட்டார். "நிறுத்துன்னு சொன்னேனே, அது பயத்துலம்மா. மனசுல வச்சிக்காத" என்றார். அந்தக் கணத்தில் அவரை எனக்கு அவ்வளவு பிடித்தது.

அன்றிலிருந்து மாத்திரை அவர் பொறுப்பு. ராத்திரிச் சீரியலின் பாட்டு ஆரம்பித்தால் தண்ணீர்ச் சொம்போடு எதிரில் நிற்பார். நான் வாயைத் திறந்து காட்டாத குறை. வளைகாப்பன்று தூரத்து உறவுக்கார அம்மா ஒருவர், "மாசமா இருக்கறப்போ மாத்திரையா? எங்க காலத்துல..." என்று இழுத்தார். அத்தை சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "உங்க காலத்துல எத்தினி பெத்த, எத்தினி தங்கிச்சு? வளையல மாட்டிட்டு எலையில ஒக்காரு" என்றார். அந்த அம்மா வளையலை மாட்டிவிட்டு இலையில் உட்கார்ந்தார். கைநிறைய கண்ணாடி வளையல், தடையில்லாமல் ஏறியது. கூடத்தில் அம்மாவும் அத்தையும் மாறி மாறி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

6

விழுப்புரத்தில் அம்மா வீட்டுக்கு வந்ததும் முதலில் எதிர்ப்பட்டது படிவம்தான். நம் ஊர்ப் படிவம். கர்ப்பிணியாகப் பதிந்து நம்பர் வாங்கினால்தான் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும் என்றார்கள். சுகாதார நர்ஸ் என் ஜெர்மன் கர்ப்பப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இதுல எது எடை, எது பிரஷர்?" நான் விரலை வைத்துக் காட்டக் காட்ட அவர் தன் நோட்டில் ஏற்றினார். 'நோய்' என்ற கட்டத்துக்கு வந்ததும் என் வாய் பழக்கதோஷத்தில் கொஞ்சம் தயங்கியது. பக்கத்திலிருந்த அம்மா, ஏழு வருஷம் மூச்சு விடாதே என்று சொன்ன அதே அம்மா, "முடக்கு வாதம், எழுதிக்கங்க" என்றாள்.

யாழினி முப்பத்தெட்டாவது வாரத்தில் பிறந்தாள். இரண்டு கிலோ எழுநூறு. கை கால் விரல்களை அத்தை ஒரு தரம் எண்ணினார், அம்மா ஒரு தரம் எண்ணினாள், இரண்டு நாள் கழித்து வந்து இறங்கிய சரவணன் ஒரு தரம் எண்ணினார். எல்லாம் இருந்தன. மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே பால் கொடுக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். சரவணன் லீவு முடிந்து காசெலுக்குத் திரும்பினார், நாங்கள் மூன்றாம் மாதம் போவதாக ஏற்பாடு. எனக்கும் நோய்க்கும் இடையில் சமாதானம் ஆகிவிட்டது என்றே நம்பத் தொடங்கியிருந்தேன்.

ஐந்தாவது வாரம் நோய் திரும்ப வந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அல்ல. முதல் நாள் சாயங்காலம் நன்றாக இருந்த கை, காலையில் எழுந்தபோது என் கை இல்லை. மணிக்கட்டு இரண்டும் புசுபுசுவென்று வீங்கி, விரல்கள் பாதியில் நின்றன. ஏணைத் தொட்டிலில் யாழினி பசித்து அழுகிறாள். அம்மா பால் வாங்கப் போயிருந்தாள். நான் ஏணைக்குள் கையை விட்டேன். பிள்ளையின் முதுகுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தால் கை அவள் பாரத்தைத் தாங்கவில்லை. நாலு கிலோகூட இல்லாத பிள்ளை. முழங்கையால் தூக்கிப் பார்த்தேன். தலை சரிந்தது. பயந்து திரும்பவும் படுக்க வைத்தேன். அவள் அழுகிறாள், நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "இரும்மா, இரும்மா" என்கிறேன். மார்பில் பால் கட்டி ஜாக்கெட் நனைகிறது. அரை அடி தூரத்தில் பிள்ளை. எடுத்து வாயில் வைக்க எனக்குக் கை இல்லை. அத்தனை மாதம் நான் பயந்ததெல்லாம் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான். பிள்ளை முழுசாக வந்து சேர்ந்த பிறகு, அவளுக்கு அம்மாவாக இருக்க என்னால் முடியாமல் போகும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் அத்தை உள்ளே வந்தார். வாரத்தில் இரண்டு நாள் காலை பஸ்ஸில் பேத்தியைப் பார்க்க வந்துவிடுவார். வாசலில் செருப்பை விட்டவர் பிள்ளை அழுகிற சத்தத்தைக் கேட்டு வேகமாக வந்து, ஏணைக்குப் பக்கத்தில் நான் மண்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கோலத்தைப் பார்த்து நின்றுவிட்டார். என் கைகளைப் பார்த்தார். நோய் என்று கேள்விப்பட்டிருந்தாரே தவிர, அதை அவர் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஏழு வருஷப் பழக்கம், கை தானாக முந்தானைக்குள் போகப் பார்த்தது. நான் விடவில்லை. இரண்டையும் அவர் முன்னால் நீட்டினேன்.

"அத்தே, என் புள்ளய என்னால தூக்க முடியலங்க அத்தே" என்றேன். வாய்விட்டு அழுதேன்.

அத்தை தோளில் இருந்த பையைக் கீழே போட்டார். பாண்டிக்குப் போன் போட்டதும், அன்றைக்கே போய்க் காட்டியதும், டாக்டர் மருந்தைக் கூட்டியதும், கை திரும்பி வர இரண்டு மாதம் ஆனதும் எல்லாம் அதற்கு அப்புறம். அப்போது அவர் செய்தது இவ்வளவுதான். என்னைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தார். மடியில் இரண்டு தலையணையை அடுக்கினார். ஏணையிலிருந்து யாழினியை அள்ளி எடுத்து, என் மடியில் கிடத்தி, தன் கையை அவள் தலைக்கு அடியில் கொடுத்து மார்பில் சேர்த்துப் பிடித்தார். பிள்ளை கவ்விக்கொண்டது. சத்தம் நின்றது.

"எதுக்கு அழுவற? ஒம்போது மாசம் கையிலயா தூக்கினு திரிஞ்ச?" என்றார் அத்தை.